அண்ணனின் வானொலி நிலையம்

எங்கள் வீட்டு முன்னறையில், தந்தையாரின் குழித்தறி இருந்த இடத்தை மண் கொட்டி மூடிய பிறகு, அண்ணன் ஒரு மர மேசையைப் போட்டார். அந்த மேசை இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதன்மேல் உள்ள கருவிகளுள் ஒன்றுகூடக் கடையில் முழுதாக வாங்கியதன்று. பார்க்க வருபவர்கள் முதலில் சிரிப்பார்கள். ஏனெனில் ஒன்றின் பெட்டி பிஸ்கட் தகரம், மற்றொன்றின் முகப்புப் பலகை பழைய டிரங்குப் பெட்டியின் மூடி. அவை என்ன செய்யும் என்று சொன்ன பிறகு யாரும் சிரித்ததில்லை.

ஜலகண்டாபுரம் என்றவுடன் வெளியூர் அன்பர்கள் சிலருக்கு நாடகாசிரியர் ப. கண்ணன் நினைவுக்கு வரக்கூடும். மற்றபடி எங்களுடையது தறிகளின் ஊர். மேட்டூர் அணை அருகில்தான்; ஆயினும் எங்கள் தெருவில் தண்ணீரின் ஓசையை யாரும் கேட்டதில்லை, தறியின் ஓசையையே கேட்டு வளர்ந்தோம். முதலில் கைத்தறி, பிறகு விசைத்தறி. அண்ணன் இரவுப் பாளியில் விசைத்தறி ஓட்டுவார். பகலில் நான்கு மணி நேரம் உறங்குவார். மாலையில் திண்ணையில் அமர்ந்து ஊராரின் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. தந்தையார் இறந்த ஆண்டு அது. நான் படித்து ஆசிரியனானேன் என்றால், அது அவர் ஓட்டிய தறியினால்.

இந்தப் பித்து அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டு. வீட்டில் ஒரு மர்பி வால்வு ரேடியோ இருந்தது. வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டிய காலம் அது. மாலை வேளையில் அம்மா தார் சுற்றிக்கொண்டே வேரித்தாஸ் வானொலியின் தமிழ் நிகழ்ச்சி கேட்பார். மணிலாவிலிருந்து வரும் தமிழ்! சிற்றலையில் வரும் அந்தக் குரல் ஏறும், தாழும், சில நேரம் கடலுக்குள் மூழ்கியது போல் மறைந்து மீண்டும் எழும். எனக்கு நிகழ்ச்சி பிடிக்கும். அண்ணனுக்கு அந்த ஏற்றத்தாழ்வு பிடிக்கும். "ஏன் மூழ்குது?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியின் பின்பலகையைக் கழற்றிவிடுவார். (2018-ஆம் ஆண்டு வேரித்தாஸ் தன் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தியது. அம்மா அதற்கு முன்பே காலமானது நல்லதாயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.)

பின்னாளில் அந்தக் கேள்விக்கு அவரே எனக்குப் பதில் சொன்னார். தரையிலிருந்து இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றுப் படலங்கள் உள்ளன. சிற்றலை அங்கே சென்று பட்டு வளைந்து மண்ணுக்குத் திரும்புகிறது. அந்தப் படலங்கள் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. ஆகவே குரலும் நிலைத்து நிற்பதில்லை.

கேட்பது மட்டும் போதாது, பேசவும் வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போது எழுந்ததென்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அரசின் தேர்வெழுதி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்று, தம் வீட்டிலிருந்தே ஒருவரோடு ஒருவர் பேசுபவர்கள். இதற்குக் காசு வாங்கக் கூடாது. வாணிகம் பேசக் கூடாது. இந்தியாவில் இந்தத் துறை 1920-களின் தொடக்கத்திலேயே கல்கத்தாவில் வேர்விட்டது. நம் சென்னைக்கும் இதில் பெருமை உண்டு. சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டி என்பார் 1924-ஆம் ஆண்டு மே மாதம் மதராஸ் மாகாண வானொலிச் சங்கத்தைத் தொடங்கி, அதே ஆண்டு ஜூலை 31 அன்று நாற்பது வாட் ஆற்றல் கொண்ட சிறு கருவியால் ஒலிபரப்பத் தொடங்கினார். நாற்பது வாட் என்பது நம் வீட்டுக் குண்டு விளக்கு ஒன்றின் அளவு. பணமின்மையால் 1927-இல் அந்தச் சங்கம் நின்றுபோக, கருவிகள் சென்னை மாநகராட்சிக்குச் சென்றன. 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மாநகராட்சி முறையாக ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938-இல்தான். ஆக, தமிழ்நாட்டில் வானொலியைத் தொடங்கி வைத்தது ஆர்வம் கொண்ட சிலரே. அரசு பின்னர்தான் வந்தது. இதை அண்ணன் சொல்லும்போது செட்டியார் எங்கள் பங்காளி என்பது போன்ற தொனி இருக்கும்.

அவருடைய மேசைக்கு மேலே புனித மாக்சிமிலியன் கோல்பேயின் படம் ஒன்று ஒட்டியிருக்கும். ஆஷ்விட்ஸ் முகாமில் மற்றொருவருக்காக உயிர் கொடுத்தவர் என்று நாமெல்லோரும் அறிவோம். அவர் போலந்தில் தம் துறவற இல்லத்தில் எஸ்.பி. 3 ஆர்.என். என்ற அழைப்புக் குறியோடு வானொலி நிலையம் வைத்திருந்தவர் என்பதும், ஹாம் வானொலியாளர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொள்கிறார்கள் என்பதும் எனக்கு அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

இனிக் கருவிகளைப் பற்றி. இதை விரிவாகச் சொல்லாவிட்டால் அண்ணன் என்னை மன்னிக்கமாட்டார்.

கம்பிச் சுருள் இல்லாமல் வானொலி இல்லை. எனாமல் பூசிய செம்புக் கம்பியை நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், எண்ணிச் சுற்ற வேண்டும். மற்றவர்கள் இதற்கே சலித்துப்போவார்களாம். எங்கள் வீட்டில் அம்மாவின் இராட்டை இருந்தது. தார் சுற்றிச் சுற்றிப் பழகிய கைகளும் இருந்தன. அண்ணன் எண்ணிக்கையைச் சொல்வார், அம்மா சுற்றித் தருவார். பட்டுநூலை அறுபடாமல் சுற்றியவருக்குச் செம்புக் கம்பி ஒரு பொருட்டா! அலைவரிசைக்கு அலைவரிசை சுருளை மாற்ற வேண்டுமல்லவா? அதற்கு ஒரு வழி செய்தார். எரிந்துபோன வால்வுகளின் கண்ணாடியை உடைத்தெடுத்துவிட்டு, கால்கள் உள்ள அடிப்பகுதியின்மேல் சுருளைச் சுற்றினார். வால்வைச் செருகும் குழியிலேயே அந்தச் சுருளையும் செருகலாம், எடுக்கலாம். முள்ளை நகர்த்தும் கயிறு அறுந்தபோது பட்டு நூலை மும்முறை முறுக்கிக் கட்டினார். அது இன்றுவரை நழுவவில்லை.

மோர்ஸ் குறி அடிக்கும் சாவி, ஒரு துண்டு இரம்பத் தகட்டையும் தேய்ந்த நாடாவிலிருந்து அறுத்த மரக்குமிழையும் கொண்டு செய்தது. ஒலிவாங்கி ஒரு பழைய தொலைபேசியினுடையது. மின்மாற்றி, மைக் செட் கடைக்காரர் கழித்துப் போட்ட ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. மீதியெல்லாம் சென்னை ரிச்சி தெருவில். ஆண்டுக்கு ஒருமுறை சென்று, ஒரு மஞ்சள் பை நிறைய வாங்கி வருவார். தீபாவளிச் சீட்டுப் பணம் அதில்தான் கரைந்தது என்பது அம்மாவுக்கும் தெரியும்.

வான்கம்பியின் கதை வேறு. ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அறுபத்தாறு அடி நீளக் கம்பி வேண்டும். அதை நடுவில் அறுத்துப் பக்கத்துக்கு முப்பத்துமூன்று அடியாகப் பிரித்து, நடுவிலிருந்து கீழே இறக்க வேண்டும். அம்மா கணக்குப் பார்த்து, "நாலு சேலைக்குக் கொஞ்சம் குறையுது" என்றார். பாவு நீட்டுவது போலத் தெருவில் நீட்டி அளந்து, ஒரு முனையை எங்கள் வேம்பிலும் மறு முனையைப் பக்கத்து வீட்டுத் தென்னையிலும் கட்டினோம். துணி காயப்போடுவதற்கு ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்காதவர் இல்லை.

அனுப்பும் கருவியின் இதயம் 807 என்னும் வால்வு. கட்டைவிரலைவிடத் தடித்த கண்ணாடிக் குழல்; தலையில் ஒரு உலோகத் தொப்பி. அந்தத் தொப்பியில் நானூறு வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம். ஒருமுறை அண்ணனைச் சுவரோடு தூக்கி அடித்தது. அதன்பிறகு கருவி திறந்திருக்கும்போது இடக்கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வலக்கையால் மட்டுமே தொடுவார்; இரு கைகளுக்கும் இடையே மின்சாரம் நெஞ்சின் வழியாகப் பாயக் கூடாது என்பதற்காக. உரிமம் இல்லாமல் வானில் அனுப்பக் கூடாது. ஆகவே வான்கம்பிக்குப் பதிலாக ஒரு நாற்பது வாட் விளக்கைக் கருவியில் மாட்டிச் சோதிப்பார். அவர் பேசப் பேச அந்த விளக்கு மங்கிப் பொலியும். சோதனை முடிந்ததும் வால்வைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி, ஒரு தைலத் தகரத்தில் வைத்து மூடிவிடுவார். உரிமமில்லாமல் அத்தகைய கருவியை வைத்திருப்பதே சட்டப்படி தவறு என்று பின்னர் அறிந்தேன். அவர் அறிந்தே இருந்தார் போலும். அந்தத் தகரம் அதற்காகத்தான்.

தேர்வுக்கு மோர்ஸ் குறிகளைக் கேட்டு எழுத வேண்டும். இருபது ஆண்டுகள் விசைத்தறிக் கொட்டகையில் நின்ற காதுகள் அவை. முதல் முறை தோற்றார். இரண்டாம் முறை, 2004 தொடக்கத்தில், வென்றார். பிறகு உரிமத் தாளுக்காகக் காத்திருந்தோம். மாதங்கள் ஓடின. எங்கோ ஒரு மேசையில் அவருடைய கோப்பு உறங்கியது. அவர் ஒருநாளும் அதைக் குறை சொல்லவில்லை; நான்தான் சொன்னேன்.

அந்த ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அண்ணன் மிகுந்த உற்சாகத்தில் இருந்தார். தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் என்ற அம்மையாரின் தலைமையில் ஒரு குழு அந்தமானுக்குச் சென்று போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. 1987-க்குப் பிறகு அந்தத் தீவுகளிலிருந்து ஹாம் குரல் எழுந்தது அப்போதுதான். உலகமே அந்த நிலையத்தை அழைத்துக்கொண்டிருந்தது. வி.யு. 4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக் குறியை அண்ணன் கேட்டுக் கேட்டு நாட்குறிப்பில் எழுதி வைத்தார். எங்களுக்கு இதில் வேறொரு உறவும் இருந்தது. அக்காவை அந்தமானில்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமா போர்ட் பிளேரில் ஒரு கடையில் கணக்கெழுதினார், கடலோரத் தாழ்வான பகுதியில் வாடகை வீடு, இரண்டு குழந்தைகள். நிலப்படத்தில் வைத்துப் பார்த்தால் எங்கள் ஊரும் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. "அக்கா வீடு நேர் கிழக்கே, ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர்" என்று அண்ணன் வேப்ப மரத்தின் பக்கம் கை நீட்டுவார்.

டிசம்பர் 26, ஞாயிறு. திருக்குடும்பத் திருவிழாத் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதே வேளாங்கண்ணிச் செய்தி வந்துவிட்டது. பிறகு நாகப்பட்டினம், கடலூர், சென்னை. உச்சிப்பொழுதுக்குமேல்தான் அந்தமான் என்ற சொல் தொலைக்காட்சியில் வந்தது. மாமாவின் கடைக்குத் தொலைபேசி போகவில்லை. பக்கத்து வீட்டு எண்ணுக்கும் போகவில்லை. அம்மா ஒரு சொல்லும் பேசாமல் இராட்டையின் அருகே போய் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் மேசையில் அமர்ந்தார். காலை ஆறரை மணிக்கு நிலம் நடுங்கியபோது பாரதி அம்மையார் வானில் பேசிக்கொண்டுதான் இருந்தார். நடுக்கத்தோடு நிலையம் நின்றது. பின்னர் மீண்டும் கருவிகளை நிறுத்தி, அந்தத் தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே அவர் செய்தி கடத்தத் தொடங்கினார். கார் நிக்கோபாருக்கும் அந்தக் குழுவினர் கருவியோடு சென்றார்கள். அங்கிருந்து வரும் பெயர்களை இங்குள்ள ஹாம்கள் குறித்துக்கொண்டு உறவினருக்குச் சொல்வார்கள். இங்கிருந்து கேட்கப்படும் பெயர்களை அங்கே தேடுவார்கள்.

ஆனால் எங்கள் கருவியில் இரைச்சல்தான் மிகுதியாகக் கேட்டது. விசைத்தறிகளின் மோட்டார்களும் சுவிட்சுகளும் குழல் விளக்குகளின் சோக்குகளும் வானில் எழுப்பும் கரகரப்பு அது. எங்கள் ஊர் வானொலிக்கு அது ஒரு நிரந்தர நோய். 27-ஆம் தேதி இரவு அம்மா எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்துக் கொட்டகைக்குப் போனார். என்ன சொன்னார் என்று தெரியாது. கால் மணி நேரத்தில் அந்தக் கொட்டகை நின்றது. பிறகு எதிர்க் கொட்டகை. பிறகு தெருக்கோடியில் உள்ளது. கூலிக்கு ஓடும் தறியை ஓர் இரவு நிறுத்துவது என்ன என்று நெசவு ஊர்களில் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் அத்தகைய அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதற்குள்ளிருந்து குரல்கள் தெளிந்து வந்தன. பெயர்கள். எழுத்து எழுத்தாகச் சொல்லப்படும் பெயர்கள். அம்மாவுக்கு ஆங்கிலமும் இந்தியும் தெரியாது. பெயர்கள் மட்டும் புரிந்தன. ஒவ்வொன்றுக்கும் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டே இருந்தார்.

எங்கள் அக்காவின் பெயர் வரவில்லை. நள்ளிரவு தாண்டியது. நான் எழுந்து அந்தத் தைலத் தகரத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

"பேசுங்கண்ணா. யாராவது கேப்பாங்க. அக்கா பேரைச் சொல்லுங்க."

அவர் தகரத்தைத் திறந்தார். பஞ்சைப் பிரித்து வால்வைக் கையில் எடுத்தார். அதைக் குழியின்மேல் வைத்துக்கூடப் பார்த்தார். அவருடைய கை நடுங்கியதை நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தார். பிறகு மீண்டும் பஞ்சைச் சுற்றினார்.

"இந்த அலைவரிசையிலே எத்தனை பேர் வரிசையிலே நிக்கிறாங்க, தம்பி. நான் வாயைத் திறந்தா அந்த நேரத்திலே யாரோ ஒருத்தர் பேரு கேக்காமப் போயிடும். அவங்களுக்கும் ஒரு தம்பி இருப்பான்."

நான் சொல்லத் தகாத சொற்களைச் சொன்னேன். கோழை என்றேன். தாளில் வரும் உரிமம்தான் உமக்குப் பெரிது, உடன்பிறந்தவள் பெரிதில்லை என்றேன். அம்மா என்னைத் தடுக்கவில்லை, அவரையும் வற்புறுத்தவில்லை. அண்ணன் காதுக்கருவியை மீண்டும் மாட்டிக்கொண்டு எழுதுகோலை எடுத்தார். விடியும்வரை தாம் கேட்ட பெயர்களையெல்லாம் எழுதினார். அவற்றில் எங்களுக்கு வேண்டியது ஒன்றுமில்லை.

விடிந்ததும் முதல் பேருந்தில் சேலம் சென்றார். அங்கே உரிமம் பெற்ற ஹாம் நண்பர் ஒருவர் உண்டு, கல்லூரி ஆசிரியர். அவர் வீட்டில் அமர்ந்து முறைப்படி தம் முறை வரும்வரை காத்திருந்து, அக்காவின் பெயரையும் மாமா வேலை செய்த கடையின் பெயரையும் நண்பர் மூலம் அனுப்பச் செய்தார். அன்று பதிலில்லை. மறுநாளும் அங்கேயே இருந்தார். 29-ஆம் தேதி மாலை, அஞ்சலகத்துக்கு எதிரில் உள்ள தொலைபேசிக் கடைக்கு அழைப்பு வந்தது. நான் ஓடினேன். "நாலு பேரும் பள்ளிக்கூட முகாம்லே இருக்காங்க. வீடுதான் இல்லே" என்றார் அண்ணன். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை; எனக்கும் முடியவில்லை. கடைக்காரர் காசு வாங்கவில்லை.

உரிமம் அடுத்த ஆண்டு வந்தது. முதல் நாள் வால்வைப் பொருத்தி, விளக்கைக் கழற்றிவிட்டு வான்கம்பியை மாட்டியபோது என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். முதலில் பதில் தந்தவர் பெங்களூர்க்காரர். வானிலை எப்படி என்று கேட்டார். அவ்வளவுதான், அண்ணனுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

அதன்பின் அவர் செய்தவை பல. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற கருவியைச் செய்தார். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மலிவான பொருள்களைக்கொண்டே செய்யும்படி வகுக்கப்பட்ட கருவி அது. விலையுயர்ந்த வளையங்களுக்குப் பதிலாகக் குழாயில் போடும் வாஷரின்மேல் கம்பி சுற்றினால் போதும். இருபது ரூபாய்க்கு வாஷர் வாங்கியவரைக் குழாய் ரிப்பேர்க்காரர் என்று கடைக்காரர் எண்ணிக்கொண்டார். ஐந்தாறு வாட் ஆற்றலில் அதைக்கொண்டு ஜப்பான்வரை பேசியிருக்கிறார். 2005 மே 5 அன்று இஸ்ரோ ஏவிய ஹாம்சாட் செயற்கைக்கோள் எங்கள் ஊரைக் கடக்கும்போதெல்லாம், மூங்கில் கழியில் மீட்டர் நீளக் கம்பிகளைக் கட்டி, மொட்டை மாடியில் நின்று வானத்தைக் குறிபார்ப்பார். அப்போது அவரைப் பார்த்தால் மீன் பிடிக்கிறவர் போல் இருக்கும்.

அந்த இரவில் நான் சொன்ன சொற்களைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. பலமுறை எண்ணினேன். மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு துணிவு வேண்டியிருக்கிறது. 2019-இல் அவர் இறந்தார். பெட்டியில் அவருடைய நாட்குறிப்புகள் கிடைத்தன. 27-12-2004 என்று தேதியிட்ட பக்கத்தில் பெயர்கள் மட்டும் இருந்தன, நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம். கடைசியில், வேறு மையில், அக்காவின் பெயர். எதிரே 29-12, மாலை 5.40.

உரிமம் அவரோடு முடிந்தது; அவருடைய அழைப்புக் குறியில் நான் பேச இயலாது. கருவிகளைத் துடைத்து வைக்கிறேன். சென்ற மே மாதம் அக்கா வந்திருந்தாள். வாஷர் சுருள்களையும் பட்டுநூல் கட்டிய முள்ளையும் பார்த்தாள். தைலத் தகரம் என்னவென்று கேட்டாள். சொன்னேன், அந்த இரவையும் சொன்னேன், நான் சொன்ன சொற்களோடு. இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. அவள் வால்வை வெளியே எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, பஞ்சு பழசாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, புதுப் பஞ்சு வாங்கி வரத் தன் மகனைக் கடைக்கு அனுப்பினாள்.